முயலுக்குக் காதில் சீழ், ஐஸ்பெட்டியில் பிள்ளையின் மருந்து

சென்ற இதழில் பூனைக்கு வரும் சொறியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அதற்கு வந்தது நான்கே கடிதம். போகிற போக்கில் முயலுக்கும் காதில் தொல்லை வரும் என்று ஒரு வரி எழுதிவிட்டேன், மற்ற எல்லாக் கடிதமும் அந்த ஒரு வரிக்கு வந்தவை. சரி, இந்த மாதம் முயல் காது மட்டும்தான். பூனைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் டாக்டர். செந்தூலில் பிளாட்டில் இருக்கிறோம். மகளின் 12-வது பிறந்தநாளுக்குக் காது தொங்கும் முயல் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், பெயர் பஞ்சு, 2 கிலோ இருக்கும். ஒரு வாரமாக வலது காதைப் பின்னங்காலால் சொறிந்துகொண்டே இருக்கிறது, தலையை உதறுகிறது. காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ இருக்கிறது, வாடையும் அடிக்கிறது. மகனுக்குப் போன மாதம் தொண்டை வலிக்குக் கொடுத்த அமோக்சிசிலின் சிரப் பாதிப் பாட்டில் ஐஸ்பெட்டியில் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, தன் நாய்க்கும் இதே மருந்தைத்தான் கொடுத்தார்கள், கால் தேக்கரண்டி கொடுத்துப் பார் என்கிறார். கொடுக்கலாமா? கிளினிக்குக் கொண்டுபோனால் 300 வெள்ளிக்குக் குறையாது என்று பயமாக இருக்கிறது. (வாசகி, செந்தூல்)

பதில்: கொடுக்காதீர்கள். கால் தேக்கரண்டி என்ன, ஒரு சொட்டுக்கூட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கரைத்த அமோக்சிசிலின் சிரப் ஐஸ்பெட்டியில் இருந்தாலும் 14 நாளுக்கு மேல் தாங்காது, ஆகவே போன மாதத்துப் பாட்டில் இனி உங்கள் மகனுக்கே ஆகாது, அது வேறு கதை. அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் மிச்ச மருந்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அங்கே கொடுத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பொய் இல்லை. அமோக்சிசிலின் நாய்க்கும் பூனைக்கும் நாங்களே எழுதிக் கொடுக்கிற மருந்துதான். முயலுக்கு வயிறு வேறு மாதிரி. அது தின்கிற புல்லைப் பக்குவப்படுத்துவது குருட்டுக்குடல் என்ற பெரிய பையில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். நமக்குக் குருட்டுக்குடல் ஒரு சின்ன முனை, முயலுக்கோ வயிற்றுக்குள் பெரிய இடத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். அந்த நுண்ணுயிர்கள் இல்லாவிட்டால் கூண்டு நிறையப் புல் இருந்தும் முயலுக்குப் பட்டினிதான்.

அமோக்சிசிலின் வாய்வழியாகப் போனால் அந்தக் குடித்தனத்தைக் கலைத்துவிடும். வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போன நேரம் பார்த்துத் திருடன் புகுந்த மாதிரி, அதுவரை மூலையில் அடங்கிக் கிடந்த கிளோஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி நஞ்சைக் கக்க ஆரம்பிக்கும். கொடுத்த அன்று ஒன்றும் தெரியாது, அதுதான் இதில் மோசம், பார்த்தீர்களா ஒன்றும் ஆகவில்லையே என்று மறுவேளையும் கொடுப்போம். இரண்டொரு நாளில் தீனியை ஒதுக்கும், தண்ணீராகக் கழியும், காது சில்லிட்டுப்போகும், அப்புறம் எங்களிடம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாலும் பெரும்பாலும் கைமீறிய கதைதான்.

அமோக்சிசிலினோடு முடியவில்லை. ஆம்பிசிலின், பென்சிலின் மாத்திரை, கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின், செபலெக்சின் எல்லாமே முயல் வாயில் போடக்கூடாதவை. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள், ஏனென்றால் ஒரு வீட்டில் மிச்சம் மீதி கிடக்கும் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

‘வாயில்’ என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பென்சிலினைத் தோலுக்கடியில் ஊசியாக முயலுக்குப் போடுவோம், தாடைச் சீழுக்கு அது நல்ல மருந்து. ஊசியாகப் போனால் குடலுக்குள் போய்ச் சேர்வது குறைவு. 1929-இல் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே ஒரு முயல் வருகிறது தெரியுமா, பூஞ்சை வளர்ந்த சாற்றில் 20 மில்லியை அதன் இரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்து, கெடுதல் ஒன்றும் இல்லை என்று எழுதினார். அதே மனிதர் அந்த முயலுக்கு நாள்தோறும் அதை வாய்வழியாகப் புகட்டியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் பிரம்புக் கூடையில் வெள்ளை முயலைக் கொண்டுவந்தார். பல்லில் சீழ் என்று வேறொரு இடத்தில் கிளிண்டாமைசின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவரும் நேரம் தவறாமல் மூன்று நாள் கொடுத்திருக்கிறார். மறுநாள் விடிவதற்குள் முயல் போய்விட்டது. “மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் இருந்திருக்குமா டாக்டர்?” என்று கேட்டார். இருந்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது தெரிந்துதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்திருந்தால், அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தின் பெயரையும் எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லைக் கூண்டு நிறைய வையுங்கள்.

இனி பஞ்சுவின் காது. காது தொங்கும் முயலுக்கு இது அடிக்கடி வரும், அதன் தலையெழுத்து அப்படி. நிமிர்ந்த காதுள்ள முயலுக்குக் காதுக் குழாய் நேராக இருக்கும், அழுக்கு தானே மேலேறி வெளியே விழுந்துவிடும். தொங்கும் காதில் அடியிலேயே குழாய் மடிந்து குறுகிப்போகிறது, உள்ளே சேரும் மெழுகுக்கு வெளியே வர வழியில்லை, நம் ஊர் வெக்கையும் புழுக்கமும் சேர்ந்தால் கிருமிக்கு வேறென்ன வேண்டும். நாம் அழகு என்று தேடி வாங்குவது அந்தத் தொங்கலைத்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பாஸ்டுரெல்லா என்ற கிருமி பல முயல்களின் மூக்கில் சும்மா இருக்கும், உடம்பு சற்றுத் தளர்ந்தால் மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் வழியாக மேலேறிவிடும். பஞ்சுவின் முன்னங்கால் இரண்டையும் பிடித்து உள்பக்கத்து முடியை விரலால் பிரித்துப் பாருங்கள். முடி பிசுபிசுத்தோ காய்ந்த கஞ்சி ஒட்டிய மாதிரி விறைத்தோ இருந்தால், மூக்குச்சளியை அங்கேதான் துடைத்துக்கொண்டிருக்கிறது. மருத்துவரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

காதுக்குள் பஞ்சுக் குச்சியை விடாதீர்கள், இருப்பதை இன்னும் உள்ளே தள்ளத்தான் அது உதவும்.

300 வெள்ளி பயம் நியாயமான பயம். போவதற்கு முன் போன் போட்டு முயல் பார்ப்பீர்களா என்று கேளுங்கள், நாய் பூனையோடு நிறுத்திக்கொள்கிற கிளினிக் கோலாலம்பூரில் நிறைய உண்டு. போன பிறகு எது இன்றைக்கே வேண்டும், எது பொறுக்கும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். காதைக் கருவி வைத்துப் பார்ப்பதும், சீழைக் குச்சியில் தொட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் அன்றைக்கே வேண்டியவை. பேன்பூச்சியா, பாக்டீரியாவா, ஈஸ்டா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையைக் கையில் காசிருந்தால் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது, ஆரம்பித்த பிறகு கிருமி சரியாக வளராது. எக்ஸ்ரேயை, நடுக்காதில் சந்தேகம் வந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செர்டாங்கில் புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, உங்கள் மருத்துவர் அங்கே எழுதிக் கொடுத்தால் தட்டாமல் போங்கள்.

அவர் கொடுக்கப்போவது பெரும்பாலும் என்ரோபிளாக்சசின், மார்போபிளாக்சசின் அல்லது டிரைமெத்தோபிரிம் சல்பா, இவை முயல் குடல் தாங்குகிற மருந்துகள். கூடவே வலிக்கு மெலாக்சிகாம் கொடுப்பார், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். காது வலித்தால் தீனியை மெல்லும்போது வலிக்கும், மெல்லும்போது வலித்தால் தின்னாது, தின்னாத முயலுக்குக் குடல் நின்றுபோகும். காது சீழில் சாகிற முயலைவிட அந்தச் சீழ் வலியில் தீனியை விட்டுச் சாகிற முயல்தான் நான் அதிகம் பார்த்தது. ஆகவே தினமும் காலையில் காதைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால் கூண்டைப் பாருங்கள். புழுக்கை எத்தனை, நேற்றைய அளவுக்கு உருண்டையாக இருக்கிறதா, சிறுத்து மிளகு மாதிரி ஆகிவிட்டதா. உங்கள் மகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள், 12 வயதுப் பிள்ளைகள் நம்மைவிட ஒழுங்காக எண்ணுவார்கள்.

12 மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை, தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, கண்மணி இடம் வலமாகத் துடிக்கிறது, உருண்டு உருண்டு விழுகிறது, இதில் எது நடந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் முயலுக்கு எக்ஸ்ரே எடுத்து நடுக்காதில் சீழ் என்றார்கள். என்ரோபிளாக்சசின் தினம் இரண்டு வேளை, 6 வாரம். இன்றைக்கு 12-வது நாள், துள்ளி ஓடுகிறது. மருந்து கசக்கிறது போலிருக்கிறது, பாதியைத் துப்பிவிடுகிறது. தயிரில் கலந்து கொடு, வயிற்றுக்கும் நல்லது என்கிறார் மாமியார். என் மைத்துனர் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார், அங்கே இதே மருந்து பெரிய பாட்டிலில் இருக்கிறதாம். நிறுத்திவிடலாமா, இல்லை அதையே வாங்கித் தொடரலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: இரண்டும் வேண்டாம்.

முதலில் 6 வாரக் கணக்கு. நமக்குக் கொப்புளத்தில் வரும் சீழ் நீர்த்திருக்கும், அழுத்தினால் வழிந்துவிடும். முயல் சீழ் பல்பசை மாதிரி கெட்டி. நம் உடம்பில் சீழைக் கரைத்து நீர்க்கச் செய்யும் நொதி ஒன்று வெள்ளணுக்களில் இருக்கிறது, முயலின் வெள்ளணுக்களில் அது மிகக் குறைவு. பாலாடைக்கட்டி போல இறுகிய அந்தச் சீழ் நடுக்காதின் எலும்புக் குமிழுக்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இரத்தத்தோடு போகிற மருந்து ஓரத்தைத்தான் நனைக்கிறது. வீக்கமும் வலியும் முதல் வாரத்திலேயே குறையும், அதனால்தான் துள்ளுகிறது. நடுவில் இருக்கும் கிருமிக்கு இன்னும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது நிறுத்தினால் மிஞ்சியிருப்பவை மருந்துக்கு அசராதவையாக இருக்கும், மறுபடி வரும்போது என்ரோபிளாக்சசின் வேலை செய்யாது, முயலுக்குக் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை மறுபடி பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லட்டும். சில நேரம் 6 வாரமும் போதாது, மருந்தால் கரையாத சீழை அறுவை செய்து காதுக் குழாயைத் திறந்துவிட்டுக் குமிழைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, அறுவை வரை போகாமல் இருக்கத்தான் அந்த 6 வாரம்.

அப்புறம் அந்தப் பெரிய பாட்டில். பெயர் ஒன்றுதான், சரக்கு ஒன்றில்லை. கோழிக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது பொதுவாக 10 விழுக்காடு, அதாவது ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சின்னப் பிராணிகளுக்கு வாய்வழியாகக் கொடுப்பது பெரும்பாலும் 2.5 விழுக்காடு, ஒரு மில்லியில் 25 மில்லிகிராம். உங்கள் சீட்டில் 0.7 மில்லி என்று இருந்து, மைத்துனர் பாட்டிலில் அதே 0.7 மில்லி உறிஞ்சிக் கொடுத்தால் நான்கு மடங்கு போகும். கலக்காத அந்தத் திரவம் வாயையும் எரிக்கும். தண்ணீர் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். இரவு 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் புள்ளி ஒன்று இடம் மாறினால் யார் பார்ப்பது? நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து, அதைக் கைமாற்றிக்கொள்வதும் சரியில்லை. பண்ணைப் பாட்டில் பண்ணையிலேயே இருக்கட்டும்.

தயிர் பற்றி மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், நீங்களே பத்திரிகையில் படித்ததாகச் சொல்லுங்கள். தயிரிலும் பாலிலும் உள்ள கால்சியம் இந்த வகை மருந்தைப் பிடித்துக்கொள்ளும், குடலில் ஏறவிடாது, காசு கொடுத்து வாங்கிய மருந்து அப்படியே வெளியே போகும். நாம் ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது தயிர் சாப்பிட்டால் வயிற்றுக்கு இதம் என்பது நம் வயிற்றுக்கு. முயல் வளர்ந்த பிறகு அதன் குடலுக்குப் பால் சாமான் எதுவும் பழக்கமில்லை.

கசப்புக்கு வழி இருக்கிறது. பழுத்த வாழைப்பழத்தில் சுண்டுவிரல் நகம் அளவு எடுத்து மசித்து, சிரிஞ்சில் மருந்தை இழுத்த பிறகு நுனியில் தடவுங்கள், முதலில் நாக்கில் படுவது இனிப்பாக இருக்கட்டும். குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றுவது போல நான்கு காலும் உள்ளே இருக்கும்படி முயலைச் சுற்றி, உங்கள் வயிற்றோடு அணைத்து, மேசைமேல் உட்கார வையுங்கள். மல்லாத்தக் கூடாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி இருக்கிறது, உதட்டோரமாக அங்கே சிரிஞ்சு நுனியை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள், விழுங்கியது தெரிந்ததும் அடுத்த துளி. ஒரே அழுத்தாக அழுத்தினால் ஒன்று துப்பும், இல்லை புரையேறி நுரையீரலுக்குப் போகும். துப்பியதைப் பார்த்து, பாதி போயிருக்கும் என்று நீங்களாக மறுபடி பாதி கொடுக்காதீர்கள், அதற்கும் போன் போட்டுக் கேளுங்கள். முடிந்ததும் விருப்பமான தழை ஒன்று, கொத்தமல்லியோ துளசியோ, அங்கேயே அந்த நிமிடமே. ஒரு வாரத்தில் சிரிஞ்சைக் கண்டால் தானாகவே வாயை நீட்டுகிற முயல்களும் உண்டு.

வாரம் ஒருமுறை சமையல் தராசில் ஒரு பெட்டியை வைத்து எடை பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மெலியும் பிராணி அது, முடி மறைத்துவிடும்.

கேள்வி: ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். என் முயலின் இரண்டு காதிலும் பழுப்பாக அடுக்கடுக்காகப் பொருக்கு கட்டியிருக்கிறது, கார்ன்பிளேக்ஸை ஒட்டி வைத்த மாதிரி. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டு ஊறவைத்து உரித்து எடுக்கலாம் என்கிறார் அம்மா. என்னிடம் நாய்க்கு வாங்கிய காதுச் சொட்டு மருந்தும் இருக்கிறது. எது நல்லது?

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது சீழ் போலவே இல்லை. காதுப் பேன், சோராப்டஸ் என்ற பூச்சி. பாக்டீரியா இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயனில்லை. ஐவர்மெக்டின் ஊசியோ பிடரியில் விடும் செலாமெக்டினோ மருத்துவர் போடுவார், முட்டையிலிருந்து வருவதையும் பிடிக்க வேண்டும் என்பதால் சில வாரம் விட்டு மறுபடியும் போடுவார்.

பொருக்கை உரிக்காதீர்கள், தயவுசெய்து. அதன் அடியில் தோல் புண்ணாகி இரத்தம் கசியும் நிலையில் இருக்கும், உரித்தால் உயிர் போகிற வலி. பூச்சி செத்ததும் சில நாளில் அதுவாகவே உதிரும், காலையில் கூண்டில் சருகு மாதிரி கிடக்கும், பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கும்.

என் பாட்டியும் பூண்டு எண்ணெய் ஆள்தான், தோட்டத்தில் இருந்த காலத்தில் எங்கள் எல்லார் காதிலும் விட்டிருக்கிறார். முயல் காதில் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே உள்ளே போகும், வெளியிலிருந்து பார்த்து அது கிழிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. தவிர, முயல் காதைக் காலால் இழுத்து நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, பூண்டு அதன் வயிற்றுக்குப் போனால் இரத்தத்தைக் கெடுக்கும். நாய்ச் சொட்டு மருந்தும் வேண்டாம், அவற்றில் பலவற்றில் ஸ்டெராய்டு கலந்திருக்கும், முயல் உடம்பு ஸ்டெராய்டுக்கு மிகவும் இளகியது, உள்ள எதிர்ப்பு சக்தியும் போய்விடும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். நாய் பூனைக்கு உண்ணிக்கு விடும் பிப்ரோனில் மருந்தைப் பேனுக்கும் ஆகும் என்று முயலுக்கு விட்டுவிடாதீர்கள், அது முயலைக் கொன்றுவிடும். கூடவே வளரும் மற்ற முயல்களுக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள். கூண்டுத் துணி, பாய் எல்லாம் வெந்நீரில் போகட்டும், அந்தப் பூச்சி முயல்மேல் இல்லாமலே மூன்று வாரம்வரை உயிரோடிருக்கும்.

கேள்வி: காதுக்கு மருந்து கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. சீழ் போய்விட்டது என்கிறார்கள், தலை மட்டும் இடது பக்கம் சாய்ந்தே இருக்கிறது. வீட்டில் எல்லாரும் பாவம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. (வாசகி, கெப்போங்)

பதில்: தின்கிறதா? தானாகப் புல்லிடம் போகிறதா? முகத்தைத் துடைத்துக்கொள்கிறதா? உங்கள் கடிதத்தில் இது எதையும் எழுதவில்லை, நீங்கள் மனம் வரவில்லை என்று எழுதியதை வைத்து இதெல்லாம் செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அனுப்ப வேண்டாம். சாய்வு நமக்குத்தான் பார்க்கச் சங்கடம். உட்காதில் சமநிலை பார்க்கும் இடம் பழுதாகிவிட்டால் சீழ் போன பிறகும் சாய்வு தங்கிவிடும், மூளை மெல்ல மெல்ல அதற்குப் பழகிக்கொள்ளும், சாய்ந்த தலையோடு வருடக்கணக்கில் வாழ்ந்த முயல்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று படிக்கட்டுகூட ஏறும்.

ஆனால் ஒரு சோதனையைக் கேட்டுப் பாருங்கள். தலைச் சாய்வு காதால் மட்டும் வருவதில்லை. என்செபலிட்டோசூன் குனிக்குலை என்ற நுண்ணுயிரி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி இதே போலச் சாய வைக்கும். காதுச் சீழும் இதுவும் ஒன்றாகவே இருக்கவும் கூடும். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, அதற்குப் பென்பெண்டசோல் 28 நாள் கொடுப்போம், இடையில் இரத்தமும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. தரையில் வழுக்காத பாய். கூண்டின் மூலைகளில் சுருட்டிய துண்டு, சாய்ந்து நிற்க ஒரு பிடிமானம் கிடைக்கும். தண்ணீர் புட்டி வேண்டாம், தலையைத் தூக்கிக் குடிக்க முடியாது, கனமான மண்சட்டியில் ஊற்றி வையுங்கள். கீழ்ப்பக்கமாக இருக்கும் கண்ணைக் காலையும் மாலையும் பாருங்கள், தரையில் உரசிப் புண்ணாகும், நீர் வழிந்தாலோ பாதி மூடியிருந்தாலோ அன்றே காட்டுங்கள். மத்தியானம் 33 டிகிரி அடிக்கிற நாளில் உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போடுங்கள், முயல் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும், சாய்ந்த முயலுக்கு இடம் மாறிப் படுப்பதே பெரிய வேலை. தூக்கும்போது தலையையும் உடம்பையும் உங்கள் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள், அந்தரத்தில் விட்டால் உலகமே சுழல்கிற மாதிரி இருக்கும் அதற்கு.

வீட்டில் எல்லாரையும் ஒருநாள் அதற்குத் தழை கொடுக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்துக்கொள்கிறது நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம்.

கேள்வி: முயலையும் கினி பன்றியையும் ஒரே கூண்டில் வளர்க்கிறோம். முயலுக்குக் காது மருந்து ஓடுகிறது. கினி பன்றிக்கும் சேர்த்துக் கொடுக்கலாமா? (மாணவன், பிறை)

பதில்: கொடுக்கக்கூடாது தம்பி, அதற்கு நோய் இருக்கிறதா என்றே தெரியாது. மேலே செந்தூல் வாசகிக்குச் சொன்ன ஆகாத மருந்துப் பட்டியல் கினி பன்றிக்கும் அப்படியே பொருந்தும், அதன் குடலும் இதே ஜாதிதான். இன்னொன்று, போர்டெட்டெல்லா என்ற கிருமியை முயல் ஒரு தும்மல்கூட இல்லாமல் மூக்கில் வைத்துக்கொண்டிருக்கும், அதுவே கினி பன்றிக்குப் போனால் நிமோனியா. இரண்டையும் இன்றைக்கே தனித்தனிக் கூண்டில் வை, முயலின் காது ஆறிய பிறகும் சேர்க்காதே.